முப்பத்தோராம் நாள் நீ தொப்பி போட்டு வந்தாய்

என் ராசா கோகுலனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. நேற்றுத்தானே தொலைபேசியில் கேட்டேன். நீயும் சுகம் என்றாய், நானும் சுகம் என்றேன், இரண்டு பேருமே பொய் சொன்னோம். எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து உன் புவாண்ட்-கிளேருக்குக் கார் ஓடினால் அரை மணி நேரம், அந்தத் தூரத்துக்கு ஒரு கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. வாயால் கதைக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக, சுவரில் விளம்பரம் எழுதுகிறவன் எழுதியது போல இருக்கிறது என்று இப்போது கேட்காதே. அதையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறு.

நேற்று நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்து. என் தம்பி, உன் சித்தப்பா, ரொறன்ரோவில் காலமாகி மூன்று கிழமை. வருகிற ஆவணியில் உனக்குக் கல்யாணம். காலையில் ஜெனிற்றாவின் தேவாலயத்தில் தாலி, பின்னேரம் மண்டபத்தில் அம்மாவின் ஆசைக்கு ஒரு மணவறை. சொந்தக்காரர் மூன்று பேர் உன்னைக் கூப்பிட்டு, "செத்த வீடு நடந்து வருஷம் திரும்பேல்லை, அதுக்குள்ள கலியாண வீடோ?" என்று கேட்டிருக்கிறார்கள். நீ ஜெனிற்றாவைச் சம்மதிக்க வைத்து, எல்லாவற்றையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடிவெடுத்து, திங்கட்கிழமை மண்டபத்துக்குச் சொல்லப்போகிறாய். "அப்பா, உங்களுக்கு மனம் நோகக் கூடாது. நீங்கள் இதெல்லாம் பாக்கிற ஆள்" என்றாய். நான் "ஓம், அதுதான் சரி" என்றேன். அந்த ஓமைத் திருப்பி வாங்கத்தான் இந்தக் கடிதம்.

போனை வைத்ததும் உன் அம்மா குசினிக்குள் இருந்து கையில் அகப்பையோடு வந்தாள். "இஞ்சருங்கோ, உங்களுக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ? பிள்ளைக்கு நாப்பது வயசு. இன்னும் ஒரு வருஷம் போனால் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுறது வழுக்கையை மறைக்கத்தான்" என்றாள். நீ ஆம்பிளைப்பிள்ளை, கோபிக்காதே, அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிறகு அவள் அழுதாள். அதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். இருபத்தெட்டு வயதில் படிப்பு முடியட்டும் என்றாய், முப்பத்திரண்டில் நல்ல வேலை கிடைக்கட்டும் என்றாய், முப்பத்தாறில் வீடு வாங்கிய பிறகு என்றாய். ஜெனிற்றா வந்து சேர்ந்தபோது, மன்னாரில் இருந்து இந்தப் பிள்ளையைக் கடவுள் இவ்வளவு சுற்றிக் கொண்டுவந்ததே இவனுக்காகத்தான் என்று அம்மா சொன்னாள். வேறு கோவில் பிள்ளையாச்சே என்று நான் முகத்தைச் சுளித்தது ஒரு கிழமைதான். அவள் வந்து "மாமா, உங்கட சம்பல் தாருங்கோ" என்று கேட்டுத் தட்டை நீட்டியதோடு அது போய்விட்டது.

"நீங்கள் இதெல்லாம் பாக்கிற ஆள்." இதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் கோடையில், எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த டெப்பனர், அந்த மூலைக் கடை, கொடுத்த கலண்டரில் படித்தாய். அந்தக் கோடையைப் பற்றி நாம் இருவரும் முப்பது வருடமாக ஒரு சொல்லும் கதைத்ததில்லை. எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணியைப் பற்றி யாராவது தொடங்கினால், நீ எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுவாய், நான் யன்னலைப் பார்ப்பேன். இன்றைக்குக் கதைப்போம்.

நான் அப்போது டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் குசினியில் வேலை. பக்கத்தில் தட்டுக் கழுவும் இயந்திரத்தில் ரேமோன் என்றொருவன், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரன், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய குரல். அவனுடைய சின்ன ரேடியோ ஒன்று தட்டு அடுக்கின் மேல் ஒட்டுநாடாவால் கட்டப்பட்டிருக்கும். ஆட்டம் தொடங்கினால் அவன் கழுவுகிற வேகமே மாறும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் அந்தச் சத்தத்தை நான் மழைச் சத்தம் மாதிரித்தான் கேட்டேன். அந்த ஆண்டு வசந்தத்தில்தான் அவனிடம் போய், "இது என்ன விளையாட்டு, எனக்குச் சொல்லித் தா" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், நீ ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தால் பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் இந்த விளையாட்டைத் தவிர வேறெதுவும் கதைப்பதில்லை. நீ கதைக்கிறது விளங்காமல் சாப்பாட்டு மேசையில் இருப்பது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

ரேமோன் சொன்னதெல்லாம் பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீசு, மிச்சம் கை. பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு வெளிச்சம் பட்டது. அட, இது எங்கள் ஊர் எல்லே விளையாட்டு! பள்ளிக்கூடத்தில் நாங்கள் தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பத்துக்குக் கம்பம் ஓடுவோமே, அதைத்தான் இவர்கள் தொப்பியும் காற்சட்டையும் போட்டு விளையாடுகிறார்கள். அதன் பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்தது. அடித்ததும் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள் என்பதை மட்டும் என்னால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. எங்கள் கிறிக்கெற் மாஸ்ரர் கண்டிருந்தால் காதைத் திருகியிருப்பார். ஆனால் அந்த ஆண்டு எங்கள் அணி என்ன செய்தது! பெரிய பெயர் இல்லாத இளம் பொடியன்கள், சின்னச் சம்பளக்காரர்கள், பெரிய நகரத்து அணிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மடக்கினார்கள். யூலையிலும் ஓகஸ்டிலும் வெல்வதே வேலையாகப் போய், இரண்டு லீக்கிலும் உள்ள எல்லா அணிகளுக்கும் மேலே போய் நின்றார்கள். ரேமோன் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கரண்டியை இயந்திரத்தின் மேல் அடிப்பான். சுப்பவைசர் வந்து கேட்டால், "மெசின் சத்தம்" என்பான்.

நான் கற்றுக்கொள்கிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை. தெரியாதவன் போல நடித்து, உன்னிடம் திரும்பவும் கேட்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது. நீ சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலை எறிகிறவனாகவும் மிளகாய்த்தூள் போத்தலை ஓடுகிறவனாகவும் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு நாள், ஒருவன் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு வேண்டுமென்றே அவுட் ஆகிறான் என்று காட்டினாய். "அவனுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். "இல்லையப்பா, தான் அவுட் ஆனால் மற்றவன் அடுத்த தளத்துக்குப் போகலாம். அதுக்காகத் தட்டுறான்" என்று சொல்லி, மிளகாய்த்தூள் போத்தலை ஒரு அடி முன்னால் நகர்த்தினாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உனக்கு நினைவிருக்கிறதோ, ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா ஞாயிறுதோறும் கூப்பிட்டுச் சீண்டுவான். அதற்கு முந்திய இரண்டு வருடமும் அவர்களுடைய அணிதானே கோப்பை எடுத்தது. "அண்ணை, உங்கட ஊர்க்காரருக்கு உதெல்லாம் சரிவராது" என்பான். நீ போனைப் பறித்து, "சித்தப்பா, இந்த வருஷம் நாங்கள் வாறம். கோப்பையைத் துடைச்சு வையுங்கோ" என்றாய். அன்றிலிருந்து போன மாதம்வரை அவன் உன்னைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. "கோப்பை எப்படி இருக்கிறான்?" என்றுதான் கேட்பான்.

யூலை நடுவில் கொழும்பு வழியாகச் செய்தி வந்தது. ஊரில் என் அண்ணை, உன் பெரியப்பா, காய்ச்சலில் போய்விட்டார். அந்தச் சண்டைக் காலத்தில் மருந்து கிடைக்கவில்லை. பிணத்துக்கு வாய்க்கரிசி போட என்னால் போக முடியாது, நினைக்கவே முடியாது. நான் குளித்து வந்து, முப்பத்தொரு நாள் துடக்கு என்று வீட்டில் அறிவித்தேன். மச்சம் மாமிசம் இல்லை, கோவில் இல்லை, கொண்டாட்டம் எதுவுமில்லை, ஒரு வீட்டு விருந்துக்கும் போகக்கூடாது. அதே கிழமை ரேமோன் தட்டு அடுக்குக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெற்றைக் கையில் வைத்தான். அவனுடைய மைத்துனனுக்குப் போக முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், முதலாம் தளத்துக்கு நேரே இருக்கை. "உன் மகனைக் கூட்டிப் போ" என்றான். நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் சாவு, முப்பத்தொரு நாள் முடியட்டும் என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னான். பிறகு தயங்கித் தயங்கி, "ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்று கதை இருக்கிறது. ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு ஆட்டம் இருக்குமோ தெரியாது. யோசித்துப் பார்" என்றான். நான் சிரித்தேன். இப்படி வென்றுகொண்டிருக்கிறவன் எவனாவது விளையாட்டை விட்டு வெளியே போவானா என்று கேட்டேன். விட்டுவிட்டு வெளியேறுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதது போலக் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இதை உனக்குப் பெருமையாகச் சொன்னேன். டிக்கெற் வந்தது, அப்பா வேண்டாம் என்றார், முறை என்றால் முறைதான், முப்பத்தொன்று முடிந்த அடுத்த கிழமையே போவோம், அதற்குள் ஒன்றும் ஓடிவிடாது என்றேன். நீ அழவில்லை. கலண்டரில் நாட்களை எண்ணி, முப்பத்தோராம் நாளைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாய். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன் ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டாய். நான் அதைப் பார்த்து, பிள்ளை துடக்குக் காக்கிறான், என்ன பக்தி என்று உன் அம்மாவிடம் பெருமைப்பட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வட்டத்துக்கு மூன்று கட்டம் மிச்சம் இருக்கையில், வெள்ளிக்கிழமை, ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள். ரேமோன் ரேடியோவை நிறுத்தவில்லை, அதில் பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னேன், "அவங்கள் வேலைநிறுத்தம் எண்டு நிண்டிட்டாங்கள், பேந்து பாப்பம்." நீ தலையாட்டினாய். அன்றைக்கும் புள்ளடி போட்டாய். சனிக்கிழமையும் போட்டாய். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தியேட்டிக்கு, அந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, படையல் வைத்து, திருநீறு பூசி, தேவாரம் படித்து முடித்து எழும்பினேன். நீ உன் அறையில் இருந்து வந்தாய். நீலத் தொப்பி, ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து, கையில் பந்து பிடிக்கிற தோல் கையுறை. கதவுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, முப்பத்தொண்டு முடிஞ்சுது" என்றாய்.

துடக்கு முடிந்தால் ஆட்டமும் திரும்பி வரும் என்று நீ நினைத்திருக்கிறாய். அல்லது நான் சொன்ன சொல் நடக்கும் என்று நினைத்திருக்கிறாய். எது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் என்ன செய்திருப்பான்? உன்னை மெற்றோவில் ஏற்றி, அந்தச் சாய்ந்த கோபுரத்து மைதானத்தின் பூட்டிய கதவையாவது காட்டியிருப்பான். பக்கத்துப் பூங்காவில் உன்னோடு பந்து எறிந்து விளையாடியிருப்பான். நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "சா வீட்டில தொப்பி என்னடா தொப்பி, போய்ப் படி!" என்று கத்தினேன். நீ தொப்பியைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாய். புரட்டாதி பிறக்குமுன்னே அந்த ஆண்டின் இறுதி ஆட்டங்களையும் நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள். முதலிடத்தில் நின்ற அணி கோப்பையின் வாசலுக்கே போகவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பொடியன்களை ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், நீயும் விளையாட்டுக் கதையை நிறுத்திவிட்டாய். வீட்டில் எதுவும் கேட்பதையே நிறுத்திவிட்டாய். ராசா, நான் அன்று உன்மீது கத்தியதற்கு மன்னித்துக்கொள். முப்பது வருடம் பிந்திச் சொல்கிறேன்.

ஏன் கத்தினேன் என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் அர்த்தம் இல்லை. நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அண்ணைக்கும் எனக்கும் பெரிய வாய்ச்சண்டை. "எல்லாரும் ஓடினால் இஞ்ச ஆர் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். நான் சொல்லக்கூடாத ஒரு சொல் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே வந்து ஆறு வருடம் அவருக்கு ஒரு கடிதம் போடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதவேண்டும் என்று நினைப்பேன். முதலில் ஒரு நிரந்தர வேலை கிடைக்கட்டும், உன்னையும் அம்மாவையும் இங்கே கூப்பிட்டுவிட்டு எழுதுவோம், நல்ல செய்தியோடு எழுதுவோம் என்று தள்ளிப்போட்டேன். உயிரோடு இருந்தவருக்கு ஒரு கடிதம் போடாத நான், செத்த பிறகு அவருக்காக முப்பத்தொரு நாள் ஒரு குறையும் இல்லாமல் துடக்குக் காத்தேன். உன் டிக்கெற்றைத் திருப்பிக் கொடுத்தது அண்ணைக்காக இல்லை. என் குற்றத்தை நான் உன்னைக் கொண்டு கழுவப் பார்த்தேன். முறை பிழை என்று நான் சொல்லவில்லை, இப்போதும் தம்பிக்காகத் துடக்குக் காக்கிறேன், மனதோடு காக்கிறேன். ஆனால் ஒரு முறைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது வேறு. உனக்கு நான் கொடுத்த பாடத்தில் இந்த இரண்டாவது பகுதி விடுபட்டுப் போயிற்று, நீ முதல் பகுதியை மட்டும் நாற்பது வயதுவரை மனப்பாடமாக வைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் ஒளித்தேன். பத்து வருடம் கழித்து அந்த அணி ஊரை விட்டே போனது நினைவிருக்கும். நீ அப்போது ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தாய். இங்கே அவர்கள் விளையாடிய கடைசி ஆட்டத்துக்கு நான் போனேன். உனக்குச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பரீட்சை இருக்கும், பேந்து சொல்லுவம் என்று வைத்துவிட்டேன். ஆனால் டிக்கெற் இரண்டு எடுத்தேன், ஏன் என்று கேட்காதே. பக்கத்து இருக்கையில் என் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு முழு ஆட்டமும் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கியது, கோகுலன். எறிகிறவன் ஏன் திரும்பிப் பார்க்கிறான், மூன்றாம் தளத்தில் நிற்கிறவன் ஏன் ஓடாமல் நிற்கிறான், எல்லாம் விளங்கியது. ஒருவன் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆனபோது நான் கோட்டுக்குப் பக்கம் திரும்பி, "பாத்தியோ?" என்றேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் ஒரு கிழவன் கோட்டோடு கதைத்ததை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. அப்போது எனக்குக் கிழவன் வயதுகூட இல்லை.

இப்போது நீ செய்யப்போவதும் அந்த மெதுவான தட்டுத்தான். எனக்காக நீ உன்னை அவுட் ஆக்குகிறாய், ஜெனிற்றாவையும் சேர்த்து. நல்ல மனதோடுதான் செய்கிறாய். ஆனால் தளத்தில் ஓடுவதற்கு ஒருவரும் நிற்கவில்லை, ராசா. நீ இப்படித் தட்டுவதால் முன்னால் போகப்போகிறவர் யார்? சித்தப்பாவா? இன்று காலை நானாகவே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து உன் சித்தியோடு கதைத்தேன். ஒரு வருடம் தள்ளிவைக்கிறார்கள் என்றேன். அவள், "அத்தான், அவர் இந்தக் கலியாணத்துக்கெண்டு சூட் தைச்சவர். ஆசுப்பத்திரியில வைச்சும் கேட்டவர், கோப்பைக்குப் பொருந்துற கலர்தானே எண்டு. தயவுசெய்து நிப்பாட்டாதையுங்கோ. எனக்கு ஏலாட்டிலும் பிள்ளையளை அனுப்புவன்" என்றாள். முப்பத்தொன்று கல்யாணத்துக்கு முன்னமே முடிந்துவிடுகிறது. செத்தவனுடைய பெண்சாதி சரி என்கிறாள். உனக்குப் போன் எடுத்த மூன்று பேருக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் சந்ததி பெரிய சந்ததி, நாலு நாட்டில் பரந்து கிடக்கிறது. ஒரு சாவும் இல்லாத வருடம் பார்த்துத்தான் தாலி கட்டுவது என்றால் நீ என் வயதிலும் மாப்பிள்ளைதான்.

சரி, எழுத்து ஏன் பெரிது என்று சொல்கிறேன். பயப்படாதே, சாகப்போவதில்லை. மாசி மாதம் கண் டொக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி மங்கிக்கொண்டு வருகிறது. ஓரம் இருக்கும், நடு போய்விடும். இடது கண் முக்கால்வாசி போய்விட்டது, வலதும் தொடங்கிவிட்டது. ஊசி போடுகிறார்கள், அது நோயைக் கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான். அடுத்த ஆவணிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கேட்டேன். நேர்மையான பெண் அந்த டொக்டர், உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். இப்போதே நேராகப் பார்த்தால் ஆட்களின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகை. கொஞ்சம் பக்கவாட்டில் விலத்திப் பார்த்தால் முகம் வருகிறது. உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லவேண்டாம் என்று வாயை அடைத்தது நான். கல்யாணம் முடியட்டும், பேந்து சொல்லுவம் என்று நினைத்தேன். பார், இன்னும் திருந்தவில்லை.

இதை உன்னைக் கட்டிப்போடுவதற்காகச் சொல்லவில்லை. கடமைக்காக நீ செய்கிற காரியங்கள் போதும், என் பிள்ளை அவன் ஆசைக்கு ஒரு காரியம் செய்து நான் பார்க்கவேண்டும். ஜெனிற்றாவிடம் இன்றைக்கே கேள், உண்மையில் அவளுக்கு என்ன விருப்பம் என்று. அவள் ஓம் என்றால் உடனே நம்பாதே, இரண்டாம் தரம் கேள். என்னைக் கட்டிய குற்றத்துக்கு உன் அம்மா நாற்பத்திரண்டு வருடமாக எனக்குச் சொன்ன ஓம்களில் பாதி, "இல்லை" என்று அர்த்தமுள்ள ஓம்தான். அதைப் பிரித்தறிய எனக்கு முப்பது வருடம் பிடித்தது. நீ கெட்டிக்காரன், சீக்கிரம் பழகிவிடுவாய்.

பத்து மணிக்கு மண்டபத்துக்கும் போன் எடுத்தேன். நான்தான், பிரெஞ்சில். தொடங்கின இடத்தில் வினைச்சொல் ஒன்று, முடித்த இடத்தில் வேறொன்று, ஆனால் அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. நான் ஒன்றையும் முடிவுசெய்யவில்லை, மாற்றவும் இல்லை. அந்த ஆவணிச் சனிக்கிழமை இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஓம், இருக்கிறது என்றாள். நாளைக்கு அம்மா மரக்கறிச் சாப்பாட்டோடு இந்தக் கடிதத்தையும் கொண்டுவருவாள். திங்கட்கிழமை நீ யாருக்கு என்ன சொல்லப்போகிறாய் என்பது உன் கையில். நீ தள்ளிவைத்தாலும் நான் உன் அப்பாதான், கோபிக்கமாட்டேன், கொஞ்ச நாள் முகத்தை நீட்டிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

சித்திரையில் அந்த மண்டபத்தைப் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதோ? நீங்கள் இருவரும் பூ அலங்காரம் கதைத்துக்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு வரிசையிலும் கதிரை மாறி மாறி இருந்தேன். ஜெனிற்றா சிரித்துக்கொண்டு, "மாமா, எல்லாக் கதிரையும் ஒண்டுதான்" என்றாள். நீ, "அப்பாவுக்கு எங்க இருந்தாலும் குறைதான்" என்றாய். ஐயர் கூப்பிடும்போது மேடைக்கு வருவேன். மற்ற நேரமெல்லாம் நான் முன்வரிசையில், இடப்பக்கமாக மூன்றாவது கதிரையில் இருப்பேன். அதில் இருந்து தலையைக் கொஞ்சம் திருப்பினால் மணவறையில் இருக்கிறவரின் முகம் முழுதாகத் தெரிகிறது. அன்றைக்கு நீ அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாய், பார்த்துவிட்டேன்.

உன் அப்பா